ஈசானிய மூலைக் கல்

முருகன் துணை

1962 ஜனவரி 22, திங்கள். தை 9

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. கடையில் கோடு போட்ட நோட்டு இல்லை. கோடு நானே போட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கோடில்லாமலும் நேராக எழுத வரும். காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து எழுத்துப் படித்தவளுக்குக் கோடு வேண்டும்.

சோளம் அடித்துத் தூற்றி முடிந்தது. அளந்தது 62 வள்ளம். ஈரம் இருக்கிறது.

விமானம் ஏறியது 4. இறங்கியது 4.

நம் காட்டுக்குக் கிழக்கே முள்கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் கடற்படையின் விமான மைதானம். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று அவரைக் கேட்டேன். (அவர் என்று எழுதினால் என் வீட்டுக்காரர். பெயர் எழுதுவதில்லை.) "கப்பல் மேல விமானத்த எறக்கோணுமாமா. அதுக்கு மொதல்ல தரையில பழகறாங்க. கடல்ல நீந்தறதுக்கு மின்னாடி கெணத்துல பழகறாப்பல" என்றார்.

இந்த விமானத்துக்கு முன்னால் சுற்றுகிற காற்றாடி இல்லை. வயிற்றுக்குள் நெருப்பு எரிந்து, பின்னால் புகை தள்ளுகிறது. வந்த புதிதில் எருமை பால் சுரக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. எனக்குத்தான் ஏறியதெல்லாம் இறங்கியதா என்று எண்ணாமல் சோறு இறங்குவதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

ஜனவரி 25, வியாழன். தை 12

ஏறியது 4. இறங்கியது 4.

தினமும் காலை ஏழு மணிக்கு ஓடுபாதையில் ஆறு பேர் வரிசையாகக் குனிந்தபடி நடக்கிறார்கள், கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்கிற மாதிரி. கிழக்கு ஓரத்தில் நடப்பது மாரன். கீழ்த்தெருவில் மாதச் சம்பளக்காரன் அவன் ஒருவன்தான். காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை நம் காட்டில்தான் வேலை செய்தான்.

சாயங்காலம் வேலியோரமாகப் போனான். கொட்டாங்குச்சியில் மோர் ஊற்றினேன்.

"ஏன் மாரா, காலையில என்ன தேடறீங்க?"

"கல்லுங்க, ஆணிங்க, திருகு மறைங்க. எது கெடந்தாலும் பொறுக்கோணும். சுண்டுவெரலு அளவு கல்லு அந்த விமானத்து மூக்குக்குள்ள போனாப் போதுமுங்க, உள்ளார இருக்கற மிசினெல்லாம் தூளாயிருமாமா."

"அத்தாச்சோட்டு மிசினுக்கு இத்தினியூண்டு கல்லக் கண்டு பயமா?"

"எனக்கு அதுலதானுங்க சோறு" என்று சிரித்தான்.

ஓடுபாதையின் இந்தக் கோடியில் புதிதாக வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கப்பலில் இறங்க அவ்வளவுதான் இடமாம். அதற்குள்ளேயே சக்கரத்தை வைக்கப் பழக வேண்டுமாம். எப்போது தொடங்குவார்கள் என்று கேட்டேன். பெயிண்ட் காயட்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

ஜனவரி 31, புதன். தை 18

கடும் பனி. சோளத்தைக் களத்தில் பரப்பினால் மண்ணின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கிறது. அடி மூட்டையில் கை விட்டேன், சூடாக இருந்தது. இன்னும் ஐந்து நாள் விட்டால் கருத்துவிடும்.

ஏறியது 3. இறங்கியது 3.

பிப்ரவரி 3, சனி. தை 21

எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன. திங்கள் வரைக்கும் உலகத்துக்கு ஆபத்து என்று எங்கும் பேச்சு. கோயிலில் ஓமம். பூசாரி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: திங்கள் விடியும் வரை வீடு மாறக்கூடாது, சாமியை இடம் பெயர்க்கக்கூடாது.

நாளைக்குச் சோளம் காயப் போடலாமா என்று அவரைக் கேட்டேன்.

"ஒலகம் அழியறதுன்னா அழிஞ்சுட்டுப் போகுது. சோளம் கருத்துதுன்னா அப்பறம் நாமதான் அழியோணும். போடு புள்ள."

பிப்ரவரி 4, ஞாயிறு. தை 22. தை அமாவாசை

விரதம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஞாயிறு விமானம் கிடையாது. கிளுவை வேலியும் முள்கம்பியும் சேருகிற இடத்தில் ஒரு சந்து உண்டு. மூட்டைகளை அது வழியாகத் தள்ளினோம்.

தப்பு என்று நினைக்கவில்லை. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட பாதை அது. அவன் போனபின் இத்தனை வருஷமும் சும்மா கிடந்தது. ஊர்ச் சோளம், கம்பு, கொத்தமல்லி எல்லாம் அதன் மேல்தான் காய்ந்தன. கடற்படை வந்து வேலி போட்டதோடு நின்றது. சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் போடத்தான் செய்கிறார்கள். அந்தப் பக்கம் காவல் நிற்பவர் தூரத்திலிருந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

வெள்ளைக் கட்டம் துடைத்து வைத்த தாம்பாளம் போல இருந்தது. சோளம் முழுவதும் அதற்குள் அடங்கியது. ஆடு மாடு மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்தேன். 23. ஈசானிய மூலையில் பிள்ளையார். நொய்யலாற்றில் எடுத்த கருங்கல், தேங்காய் அளவு. மாமியார் காலத்திலிருந்து தானியம் காயும் இடத்துக்கெல்லாம் அவர்தான் காவல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அருகம்புல் சாத்தினேன். மொத்தம் 24.

நல்ல வெயில். நான்கு முறை கிளறிவிட்டேன். ஐந்து மணிக்கு அள்ளிவிட்டோம். விளக்குமாறால் இரண்டு முறை கூட்டினேன். ஒரு மணி சோளம்கூட விடவில்லை.

கல்லைக் கூடையில் போட்டேன். பிள்ளையாரை எழுப்பவில்லை. காலையில் பூசாரி சொன்னதை மறந்து கொண்டுபோய்விட்டேன், இப்போதுதான் நினைவு வந்தது. நாளை விடிந்தால் அமாவாசையும் போய்விடும், கிரகமும் பிரியத் தொடங்கும். விமானம் எப்போதும் ஒன்பது மணிக்கு மேல்தான். எட்டு மணிக்குப் போய் எடுத்து வந்துவிடலாம்.

கல் கொண்டுபோனது 24. கொண்டுவந்தது 23. வைத்தது 1. கணக்கு சரி.

பிப்ரவரி 5, திங்கள். தை 23

காலை ஏழு மணிக்கு ஆறு பேரும் நடந்தார்கள். வாசலில் நின்று பார்த்தேன். மாரன் கட்டத்தின் மூலைக்கு வந்ததும் நின்றான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து நம் காட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையாரைச் சுற்றிப் போனான். மரியாதை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டு எருமைக்குத் தவிடு கலக்கப் போனேன்.

ஏழே முக்காலுக்கே விமானம் ஏறிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஏன் இன்று சீக்கிரம் என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தில் நுழையும்போது முதல் மூன்றும் திரும்பி இறங்கிவிட்டன. கட்டத்தைத் தாண்டித்தான் இறங்கின.

நான்காவது, வாலில் 6 என்று எழுதியது, மெதுவாக, மிகத் தாழ்ந்து வந்தது. சக்கரம் கட்டத்தின் மூலையில் பட்டது.

பெரிய சத்தம் இல்லை. தாழ்ப்பாள் கழன்ற மாதிரி ஒரு சத்தம். இடது பக்கத்துக் கால் மடங்கியது. இறக்கை தரையில் உரசிப் பொறி பறந்தது. அரை வட்டம் சுற்றி, பாதையை விட்டு இறங்கி, நம் வேலியைப் பார்த்தபடி நின்றது. வண்டிகள் வந்தன. சோப்பு நுரை மாதிரி எதையோ அடித்தார்கள். ஓட்டியவரைத் தூக்கி எடுத்தார்கள். கை அசைந்தது. கால் அசையவில்லை.

கூடை என் கையில் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஏறியது 4. இறங்கியது 3. நான்காவதும் இறங்கியதுதான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

எட்டுக் கிரகத்தின் வேலை என்று ஊரே சொல்கிறது. பூசாரியும் அப்படித்தான் சொன்னார். உலகத்துக்கு வந்தது விமானத்தோடு போயிற்று என்றார். நான் கோயிலை 108 சுற்று சுற்றினேன்.

சோளம் காய்ந்தபின் அளந்தது 58 வள்ளம். நன்றாகக் காய்ந்திருக்கிறது. வேப்பிலை போட்டுக் குதிரில் கொட்டியாயிற்று.

விமானம் ஏறவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

மாரன் மத்தியானம் வந்தான். காக்கிச் சட்டை போடவில்லை. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"ஊட்டுலயே இருன்னு சொல்லிப்போட்டாங்க. வர்ற செவ்வாக்கெழம பெரிய ஆபீசரு விசாரிக்கறாராமா."

ஓட்டியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இடது காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குதாமுங்க. முதுகுலயும் அடி. இருவத்தாறு வயசுதானாமா." வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டான். "மஞ்ச குங்குமத்தோட ஒரு கல்லு கெடச்சுதுன்னு மேச மேல வெச்சிருக்காங்க. கெழக்கு ஓரம் நான் நடக்கற எடமுங்களே. பாத்தியான்னு கேட்டாங்க. பாக்கலீன்னு சொல்லிப்போட்டனுங்க."

அவர் தொழுவத்திலிருந்து வந்து, "பாக்கலீன்னா பாக்கலீதான், போ மாரா" என்றார்.

அவன் போனபின் என்னிடம், "வாயத் தெறக்காத. பட்டாளத்துக்காரனுக. காட்டப் புடுங்கிக்கிட்டா எங்க போயி நிப்போம்?" என்றார்.

மோர் ஊற்ற மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

எருமை 3 படி கறந்தது. ஏறியது 2. இறங்கியது 2.

பிப்ரவரி 11, ஞாயிறு

யாரும் சோளம் காயப் போடவில்லை. சந்தில் புதுக் கம்பி கட்டிவிட்டார்கள்.

கிணற்றடியில் பேச்சு: கல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், சூனியக் கல், மாரனைப் போலீசில் கொடுக்கப்போகிறார்கள். போலீசில் கொடுக்காவிட்டாலும் வேலை நிச்சயம் போய்விடும். "சர்க்கார் வேலைன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சானல்ல" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கல்லை எண்ணினேன். 23.

பிப்ரவரி 12, திங்கள். கிருத்திகை

விரதம். பூசைக்கு உட்கார்ந்தால் ஈசானிய மூலையில்தான் கண் போகிறது.

போன வருஷத்துக்கு முந்தின வெள்ளாமையோடு இந்த வருஷத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய நோட்டை எடுத்தேன். தேடியது கிடைப்பதற்கு முன் இது கண்ணில் பட்டது. உள்ளபடி எழுதுகிறேன்:

"1960 ஐப்பசி 11. களத்தில் கம்பு. திடீர் மழை. நாங்கள் சந்தைக்குப் போயிருந்தோம். மாரன் ஓடி வந்து தனியாளாக அள்ளிச் சாளைக் கூரைக்கு அடியில் சேர்த்தான். பிள்ளையார் நனைகிறார் என்று அவரையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டான். தொட்டுவிட்டான். பஞ்சகவ்யம். பால் 2 படி. மூன்று முறை கழுவியது. மாரன் கோயிலுக்கு எதிரே தெருவில் விழுந்து எழுந்தான். அபராதம் தேங்காய் 11. கம்பு நனையாமல் வந்தது 40 வள்ளம். கணக்கு சரி."

என் கையெழுத்துதான். அப்போது கோடு நன்றாகப் போட்டிருக்கிறேன்.

அந்த மாதத்தோடுதான் அவன் நம் காட்டுக்கு வருவதை நிறுத்தினான். மைதானத்தில் வேலை கிடைத்ததால் என்று இதுவரை நினைத்திருந்தேன். தேதியைப் பார்த்தேன். மைதானத்தில் ஆள் எடுத்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "நாளைக்கு நான் ஆபீசுக்குப் போறனுங்க." அவர் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய். மாசி 1

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் வண்டி பூட்டி நின்றார். "நடந்து போயி எத்தன மணிக்குச் சேருவ" என்றார். அவ்வளவுதான். பழைய நோட்டையும் புது நோட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். கல் என்னுடையது என்று சொன்னபின் உள்ளே விட்டார்கள். என்னை மட்டும். அவர் வண்டியோடு வெளியே நின்றார்.

பெரிய ஆபீசர் வடநாட்டுக்காரர். பக்கத்தில் தமிழ் பேசுகிற மாலுமி ஒருவர், நாகர்கோவில்காரராம். மேசை மேல் பிள்ளையார். கழுத்தில் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். 3 என்று நம்பர். ஒரு பக்கம் சில்லு தெறித்திருந்தது. சுவரோரம் மாரன் நின்றிருந்தான். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து "டி. மாரப்பன்" என்று கூப்பிட்டார். அவனுக்கு முழுப்பெயர் அது என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, இந்தக் கல்லு என்னதுன்னு சார் கேக்காரு."

"சாமிங்க. சோளத்துக்குக் காவலா வெச்சது. அமாவாசையன்னிக்கு எழுப்பக்கூடாதுன்னு விட்டுட்டு வந்தனுங்க. காலையில எடுக்க வந்தேன், அதுக்குள்ள ஏறிப்போட்டாங்க."

"என்ன சாமி, எதுக்கு உள்ள சாமின்னு கேக்காரு."

"தடங்கல் தீக்கற சாமிங்க."

மாலுமி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு சொன்னார். ஆபீசர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று நடந்ததை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஆபீசர் மாரப்பனிடம் திரும்பவும் கேட்டார், காலையில் கல்லைப் பார்த்தாயா என்று.

"பாக்கலீங்க."

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நான், "பாத்தானுங்க" என்றேன். "மூலையில நின்னு பாத்தான். எங்க வாசல்ல இருந்து நான் பாத்தேன். நோட்டுல எழுதியிருக்கறேன்."

மாரப்பன் முகம் கறுத்துப்போயிற்று. ஆபீசரின் குரல் உயர்ந்தது. மாலுமியும் அதே வேகத்தில் கேட்டார். "பாத்தேல்லா? பின்ன ஏம்ல எடுக்கல? கல்லு பொறுக்கத்தானே ஒனக்குச் சம்பளம்?"

மாரப்பன் தரையைப் பார்த்தான். மூன்று முறை கேட்டார்கள். ஆபீசர் பேனாவைக் கையில் எடுத்தார்.

பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். "இதப் படிக்கட்டுங்களா?" என்றேன். படித்தேன். ஐப்பசி 11 முழுவதும். பஞ்சகவ்யத்தை எப்படிச் சொல்வது என்று மாலுமிக்குத் தெரியவில்லை. மாட்டு மூத்திரம், சாணி, பால், தயிர், நெய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாலுமி ஒவ்வொன்றாகச் சொன்னார். தெருவில் விழுந்து எழுந்தது என்ற இடத்தில் எனக்குக் கோடு சரியாகத் தெரியவில்லை. நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். கடைசியில் கணக்கு சரி என்று இருந்தது. அதையும் படித்தேன்.

"அந்தக் கல்ல எடுத்தா மறுக்கா இதெல்லாம் நடக்கும்னு அவனுக்குத் தெரியுமுங்க. எனக்கும் தெரியும்" என்றேன்.

கைநாட்டு வைக்க மைப்பெட்டி கொண்டுவந்தார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வேலாத்தாள்.

ஆபீசர் ஏதோ சொன்னார். மாலுமி தமிழில் சொன்னார்: "ஓடுபாதையில சாமி கெடையாது, கல்லுதான் உண்டு. யாரு வச்சதா இருந்தாலும் எடுத்து எறியணும், யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா எங்கிட்ட வரட்டும்னு சொல்லுதாரு." மாரப்பனைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. முடிவு பிறகு வருமாம். கல் இப்போது கிடைக்காது. விசாரணை முடியும் வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

ஓட்டியவர் மறுபடி பறப்பாரா என்று மாலுமியைக் கேட்டேன். "காலு சரியாயிரும்மா. பறக்கது அந்த முதுகு சொல்லணும்" என்றார்.

வெளியே வந்தபோது மாரப்பன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். வண்டியில் ஏறச் சொன்னேன். ஏறவில்லை.

"அந்த நோட்டுல தேங்கா பதனொன்னுன்னு போட்டிருக்கீங்க" என்றான்.

"ஆமா."

"பன்னண்டுங்க. ஒன்னு அழுகல்னு பூசாரி தெருவுல வீசிப்போட்டாரு. மறுக்கா கடன் சொல்லி ஒன்னு வாங்கியாந்து வெச்சேன்."

நடந்து போய்விட்டான். அவன் கண்ணுக்கு மறைந்தபின்தான் அவர் வண்டியை ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டில் 11 என்பதை அடித்து 12 என்று எழுதினேன். கணக்கு சரி என்பதையும் அடித்தேன்.

பிப்ரவரி 14, புதன்

பூசாரி வந்தார். சாமிக் கணக்கைப் பட்டாளத்தானிடம் படித்துக் காட்டினாளாமே என்று வெடுக்கென்று கேட்டார். அவர் குறுக்கே வந்து, "படிக்கத் தெரிஞ்சவ, படிச்சா" என்றார். இனிக் கோயிலில் எங்களுக்கு முதல் விபூதி கிடையாதாம். இரண்டாவதாக வாங்கிக்கொள்கிறோம்.

பிப்ரவரி 19, திங்கள்

ஓட்டுக் கேட்டு மூன்று ஜீப் வந்தது. ஏறியது 3. இறங்கியது 3.

காலையில் நடந்தது ஐந்து பேர்தான். கிழக்கு ஓரம் காலியாக இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள். மாசி 14

விடியலில் மோர் கடைந்தேன்.

ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். ஆறு பேர். எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினேன். ஆறு. கிழக்கு ஓரத்தில் காக்கிச் சட்டை போட்டு நடந்தவர் மாரப்பன். கட்டத்தின் மூலையில் குனிந்து எதையோ எடுத்துப் பையில் போட்டார். நான் வைத்த கல்லின் சில்லாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இங்கிருந்து தெரியவில்லை. நம் காட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் பித்தளை டம்ளரைப் புளி போட்டு விளக்கி, மோர் ஊற்றி, வேலிக் கல்லின் மேல் வைத்துக் காத்திருந்தேன். மாரப்பன் எங்கள் வேலிப் பக்கம் வராமல் கிழக்கு வாசல் வழியாகப் போனார். ஒரு மைல் சுற்று அது.

மோரை எருமைக்கு ஊற்றிவிட்டேன். நாளைக்கும் வைப்பேன்.

ஏறியது 3. இறங்கியது 3.